நாளை நீங்கள் வாங்கப் போகும் வீடு



இதைப் படிக்கும் உங்களில் யாரும் இந்த ஆண்டு வீடு வாங்கப் போவதில்லை. உங்களுக்குப் பதினான்கோ பதினைந்தோ வயதிருக்கும். ஆனால் இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் உங்களில் பலர் ஒரு வீட்டைக் கட்டுவீர்கள், அல்லது வாங்குவீர்கள், வாடகைக்காவது பிடிப்பீர்கள். அப்போது அந்த வீட்டைப் பற்றி என்னென்ன கேட்பீர்கள்? அறைகள் எத்தனை, தரைக்கு டைல்ஸா கிரானைட்டா, பேருந்து நிலையம் எவ்வளவு தொலைவு என்பவை உங்கள் பெற்றோர் கேட்ட கேள்விகள். நீங்கள் கேட்க வேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. அவற்றுள் முக்கியமான ஒன்றை என் தம்பி மகள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

அவள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். என் தம்பி சென்னையில் வீடு வாங்க எண்ணி, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துச் சென்றான். அவளும் உடன் வந்தாள். விற்பனைக்காரர் மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டினார். சமையல் மேடை, அலமாரிகள், மின்தூக்கி எல்லாவற்றையும் நாங்கள் பார்த்து முடித்த பிறகு அவள் கேட்டாள்: "அங்கிள், 2015-இல் வெள்ளம் வந்தபோது இந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது?"

அவர் திகைக்கவில்லை. "நல்ல கேள்விம்மா. இப்போது வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்" என்று சொல்லி, தெருவைவிட எத்தனை அடி உயர்த்தித் தளம் போட்டிருக்கிறார்கள் என்பதையும் மழைநீர்த் தொட்டியையும் காட்டினார். அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்: "நாங்கள் பார்ப்பது கடைசி மாடி. மேலே மொட்டை மாடிக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?"

இதற்கு அவரிடம் பதில் இல்லை. "கான்கிரீட்தாம்மா" என்றார். "அதற்கு மேலே?" என்றாள். பொறியாளரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். தண்ணீரைப் பற்றிய கேள்விக்கு உடனே பதில் வந்தது; வெயிலைப் பற்றிய கேள்விக்கு ஏன் வரவில்லை?

தண்ணீர் கற்றுக்கொடுத்த பாடம்

தண்ணீரைப் பற்றிக் கேட்க நம் மக்கள் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது பலரும் இதை அதிகாரிகளுக்குக் காட்டுவதற்கான ஒரு குழாய் என்றே நினைத்தார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. ஏரிகளும் சதுப்பு நிலங்களும் இருந்த இடங்களில் கட்டிய வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், அதே சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வெள்ளம். இவ்வளவும் பட்ட பிறகு, வீடு வாங்குகிறவர்கள் நிலத்தின் பழைய வரைபடத்தைப் பார்க்கிறார்கள். கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு தெரிகிறதா என்றுகூடப் பார்க்கிறார்கள்.

அந்தக் கோடுதான் நல்ல ஆசிரியர். வெள்ளம் வடிந்தாலும் சுவரில் அழுக்குக் கோடு நிற்கும். பத்து ஆண்டுகள் கழித்து வருகிறவருக்கும் அது சேதி சொல்லும். வெயில் அப்படி எந்தக் கோட்டையும் விட்டுச் செல்வதில்லை. மே மாதம் முழுவதும் ஒரு வீடு அடுப்பாகக் கொதித்திருந்தாலும், டிசம்பரில் பார்க்கப் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. "கடைசி மாடி வேண்டாம், சூடாக இருக்கும்" என்று வாடகைக்கு வருகிறவர்கள் சொல்வதுண்டு. ஏன் சூடாக இருக்கிறது, அதைத் தடுக்க முடியாதா என்று கேட்பவர் மிகக் குறைவு.

நானே கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இயற்பியல் ஆசிரியர் செய்த தவறு

எங்கள் ஊர் பள்ளிப்பட்டு. திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிய சிறிய பேரூராட்சி. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து கேட்கும். கோடையில் வானிலைத் துறை வெளியிடும் பட்டியலில், 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஊர்களுள் திருத்தணி அடிக்கடி இடம்பெறுவதை நீங்கள் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அந்த வெயில்தான் எங்களுக்கும்.

என் தந்தையார் காலத்து வீடு ஓட்டு வீடு. நாட்டு ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வேய்ந்திருந்தது. நடுவில் முற்றம், வெளியே திண்ணை. குரங்குகள் ஓட்டைக் கலைத்துவிடும், மழைக்காலத்தில் ஒழுகும், ஆண்டுதோறும் ஓடு மாற்ற ஆள் தேட வேண்டும். 2008-இல் அதை இடித்துவிட்டு ஆர்.சி.சி. தளம் போட்ட வீடு கட்டினோம். அப்போது நான் கல்லூரியில் வெப்பக் கடத்தல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் சமன்பாடு எழுதுகிற நான், மேஸ்திரியிடம் தரைக்கு எந்த நிற டைல்ஸ் என்று கேட்டேனே தவிர, தளத்துக்கு மேலே என்ன போடப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. பணம் குறைந்ததால் சிமென்ட் பூச்சோடு விட்டுவிட்டோம்.

அந்த முதல் கோடையிலேயே என் தாயார் தம் கட்டிலைத் தாழ்வாரத்துக்கு மாற்றச் சொன்னார். "அறைக்குள் மேலேயிருந்து அனல் இறங்குகிறது" என்றார். ஃபேனை வேகமாக வைத்தேன். "அது அனலைத்தான் வீசுகிறது" என்றார். அவர் சொன்ன இரண்டும் இயற்பியல்படி மிகச் சரி. எப்படி என்று பார்ப்போம்.

சூரியன் எங்கே நிற்கிறது?

பள்ளிப்பட்டு ஏறத்தாழ 13.3 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அன்று ஒரு கம்பத்தை நட்டுப் பார்த்தால் அதன் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியிலிருந்து சுமார் 10 டிகிரிக்கு மேல் சூரியன் விலகுவதில்லை. லண்டன் நகரிலோ நடுக்கோடையில்கூட நண்பகல் சூரியன் அடிவானிலிருந்து சுமார் 62 டிகிரிதான் ஏறும். ஆகவே அங்கே சுவர்களுக்கும் சன்னல்களுக்கும் நிறைய வெயில் கிடைக்கிறது. நம் ஊரில் கோடை நண்பகலின் வெயிலை வாங்கிக்கொள்வது கூரைதான். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வீடு கட்டுவதில் உள்ள முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது.

தெளிந்த வானமுள்ள கோடை நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தளத்தில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1000 வாட். இது ஓர் இஸ்திரிப் பெட்டியின் திறன். 1000 சதுர அடி வீடு என்றால் 93 சதுர மீட்டர். அதாவது உங்கள் தலைக்கு மேலே 93 இஸ்திரிப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, சுவிட்சைப் போட்டதற்குச் சமம்! சாம்பல் நிறச் சிமென்ட் தளம் இதில் ஏறத்தாழ 70 சதவீதத்தை உட்கவர்ந்து கொள்கிறது.

ஒரு சிறு கணக்கு

தளம் 12 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். கான்கிரீட்டின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2400 கிலோகிராம். ஒரு சதுர மீட்டர் தளத்தின் நிறை 288 கிலோ. முழு வீட்டின் தளமும் 27 டன்னுக்குச் சற்றுக் குறைவு. கான்கிரீட்டின் தன்வெப்பம் கிலோவுக்கு, டிகிரிக்கு ஏறத்தாழ 880 ஜூல். விடியற்காலையிலிருந்து பிற்பகலுக்குள் தளத்தின் சராசரி வெப்பநிலை 15 டிகிரி உயர்ந்தால், அது சேமித்துக்கொள்ளும் வெப்பம் எவ்வளவு?

நிறையைத் தன்வெப்பத்தாலும் வெப்பநிலை உயர்வாலும் பெருக்குங்கள். சுமார் 35 கோடி ஜூல் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆகவே நம் தலைக்கு மேலே ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 100 யூனிட் அளவுள்ள வெப்பம் சேர்ந்து நிற்கிறது. இதில் ஒரு பகுதி இரவில் வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாகப் போய்விடும். மற்றொரு பகுதி கீழே, நம்மை நோக்கி வரும்.

அது வரும் நேரத்தைக் கவனியுங்கள். நண்பகலில் மேற்பரப்பில் ஏறிய சூடு கனமான தளத்தைக் கடந்து அடிப்பக்கத்துக்கு வரச் சில மணி நேரம் ஆகிறது. வெளியே வெயில் தாழ்ந்து, காற்று வீசத் தொடங்கும் மாலையில்தான் அறையின் மேற்கூரை மிகச் சூடாக இருக்கிறது. நீங்கள் வீட்டுப்பாடம் எழுத உட்காரும் நேரமும், பெரியவர்கள் படுக்கப் போகும் நேரமும் அதுவே.

"மேலேயிருந்து அனல் இறங்குகிறது" என்று என் தாயார் சொன்னது கதிர்வீச்சை. சூடான எந்தப் பொருளும் வெப்பத்தைக் கதிர்வீசும். அந்த அளவு தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்பது ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதி. மேற்கூரை 45 டிகிரியிலும் நம் தோல் 34 டிகிரியிலும் இருந்தால், நாம் கூரைக்கு அனுப்புவதைவிட அது நமக்கு அனுப்பும் வெப்பமே அதிகம். இடையில் உள்ள காற்று இந்தக் கதிர்களைத் தடுப்பதில்லை. எனவே ஃபேன் இதை நிறுத்த முடியாது. ஃபேன் காற்றைக் குளிர்விப்பதும் இல்லை. நம் வியர்வையை ஆவியாக்கித்தான் நமக்குக் குளிர்ச்சி தருகிறது. கூரையடியில் தேங்கிய சூடான காற்றையும் அது கீழே தள்ளுகிறது. இரண்டாவதாக அவர் சொன்னதும் சரிதானே?

பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் பொதட்டூர்பேட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். தறி ஓடும் வீடுகளில் பகலிலும் இந்தக் கூரையின் கீழேதான் வேலை. அவர்களுக்குக் கூரைச் சூடு என்பது அன்றைய கூலியைக் குறைக்கும் விஷயம்.

சூடு போகும் வழி

"ஏ.சி. வாங்கிவிட்டால் போயிற்று" என்று சிலர் சொல்வார்கள். ஏ.சி. வெப்பத்தை அழிப்பதில்லை. அறைக்குள் இருப்பதை இழுத்துத் தெருவில் கொட்டுகிறது. அதற்கு மின்சாரமும் வேண்டும். அந்த மின்சாரம் அனல் மின் நிலையத்திலிருந்து வந்தால், ஒவ்வொரு யூனிட்டுக்கும் அரைக் கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிந்தாக வேண்டும்.

இங்கே எங்கள் ஊருக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. பள்ளிப்பட்டு வழியே கொசஸ்தலை ஆறு ஓடுகிறது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மணல்தான். ஆந்திரப் பக்கம் மழை கொட்டினால் தரைப்பாலங்கள் மூழ்கும். அந்த நீர் 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சென்னைக்குக் குடிநீராகிறது. மிஞ்சியது எண்ணூர் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. அந்தக் கழிமுகத்தை ஒட்டித்தான் அனல் மின் நிலையங்கள் இருக்கின்றன. நிலக்கரிச் சாம்பல் அங்கே நீரில் படிந்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்ததாக எழுந்த வழக்குகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயின. ஆற்றின் தலையில் இருக்கும் நாங்கள் கூரையைக் கவனிக்காமல் விட்டால், அதன் விளைவில் ஒரு துளி அதே ஆற்றின் வாயில் போய்ச் சேர்கிறது. சுற்றுச்சூழல் என்பது எங்கோ காட்டில் இருக்கும் பொருள் என்று நினைக்காதீர்கள். அது நம் மொட்டை மாடியில் தொடங்குகிறது.

நம்மவர் அறிந்த கூரைகள்

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நாட்டு ஓட்டுக் கூரையில் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே காற்று இருந்தது. காற்றின் வெப்பக் கடத்துதிறன் கான்கிரீட்டினுடையதில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. ஓட்டின் இடுக்குகள் வழியே சூடான காற்றும் மேலே வெளியேறியது. பழைய சென்னை வீடுகளின் மொட்டை மாடியில் மர உத்திரங்களின்மேல் செங்கற்களைச் சாய்த்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்து, தட்டோடு பதிப்பார்கள். இன்றும் நல்ல மேஸ்திரிகள் கான்கிரீட் தளத்துக்கு மேல் 'வெதரிங் கோர்ஸ்' என்று போடுவது இதன் வழிவந்ததே. பணத்தை மிச்சம் பிடிக்கும்போது பல வீடுகளில் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான். எங்கள் வீட்டில் வெட்டுப்பட்டதும் இதுவே.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) இன்னொரு வழியைப் பரப்பினார். தளம் பாரத்தைத் தாங்கும்போது அதன் மேற்பகுதி அமுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. இழுவிசையைக் கான்கிரீட் தாங்காது, கம்பிதான் தாங்குகிறது. அப்படியானால் கம்பிகளுக்கு இடையே, கீழ்ப்பகுதியில் இருக்கும் கான்கிரீட் சும்மா தொங்கும் சுமைதானே? அந்த இடத்தில் அவர் பழைய மங்களூர் ஓடுகளைச் சொருகினார். சிமென்ட் குறைந்தது, தளம் எடை குறைந்தது, இரண்டு ஓடுகளுக்கு இடையே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுத்தது. சுவருக்கும் அவர் செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறிக் கட்டு' முறையைக் கையாண்டார். இதில் செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும்.

சிமென்ட்டைக் குறைப்பது ஏன் முக்கியம்? உங்கள் வேதியியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிராம் கால்சியம் ஆக்சைடும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். சுண்ணாம்புக்கல்லைச் சுடாமல் சிமென்ட் இல்லை. அந்தச் சூளையை 1450 டிகிரி வரை சூடேற்ற எரிபொருளும் வேண்டும். உலகில் மனிதர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் சுமார் 7 சதவீதம் சிமென்ட் தொழிலிலிருந்து வருவதாகக் கணக்கிடுகிறார்கள். கட்டும் போதே ஒரு வீடு காற்றுக்குக் கடன்படுகிறது. பிறகு ஐம்பது ஆண்டுகள் மின்சாரத்தின் வழியாக அந்தக் கடனைப் பெருக்குகிறது அல்லது குறைக்கிறது.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு எளிய வழி வெள்ளைப் பூச்சு. புதிய வெண்பூச்சு வெயிலில் 70 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். அறையின் உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். தூசி படிந்தால் பலன் குறையும். எனவே கழுவவோ மறுபடி பூசவோ வேண்டும். 2010-இன் கடும் வெப்ப அலைக்குப் பின் 2013-இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்த அகமதாபாத் நகரம், பிறகு ஏழை மக்களின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையையும் அதில் சேர்த்தது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2018 டிசம்பரில் இந்திய அரசு 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரில் குடியிருப்புகளுக்கான ஆற்றல் விதித்தொகுப்பை வெளியிட்டது. அதன்படி கூரையின் வெப்பக் கடத்தல் அளவு 1.2-ஐத் தாண்டக் கூடாது. கூரையின் இரு புறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியாக நொடிக்கு 1.2 ஜூலுக்கு மேல் போகக் கூடாது என்பது இதன் பொருள். வெறும் கான்கிரீட் தளத்தில் இது 3-க்கும் மேல் இருக்கும். அதாவது அனுமதித்த அளவைப்போல் இரண்டரை மடங்குக்கும் அதிகம்.

ஆனால் இந்த விதிகள் பெரிய குடியிருப்புகளை மனதில் கொண்டவை. பள்ளிப்பட்டில் ஒருவர் கட்டும் தனி வீட்டை எந்த அதிகாரியும் இந்த அளவுகோலோடு வந்து அளக்கப் போவதில்லை. அங்கே சட்டத்தின் வேலையைச் செய்யக்கூடியவர் வீட்டுக்குரியவர் ஒருவரே. வாங்குகிறவர்கள் கேட்டால்தான் கட்டுகிறவர்கள் செய்வார்கள். வெள்ளத்தின் விஷயத்தில் இது நடந்ததை நாம் பார்த்தோம்.

இன்னொரு எச்சரிக்கை. விளம்பரங்களில் 'பசுமை வீடு' என்ற சொல் இப்போது அடிக்கடி வருகிறது. படத்தில் நான்கு மரங்களை வரைந்துவிட்டால் வீடு பசுமையாகிவிடாது. ஐ.ஜி.பி.சி., கிரிஹா போன்ற அமைப்புகள் கட்டடங்களை அளந்து தரச் சான்று தருகின்றன. "எந்தச் சான்று, எந்தத் தரம், காட்டுங்கள்" என்று கேட்பதில் தவறில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

கூரைக்கு மேலே என்ன போட்டிருக்கிறீர்கள்? இது முதல் கேள்வி.

மேற்குச் சுவருக்கு நிழல் எது? மாலைச் சூரியன் தாழ்வாக வருவதால் சன்ஷேடு அதைத் தடுக்காது. மரமோ, தாழ்வாரமோ, அந்தப் பக்கம் குளியலறையும் மாடிப்படியும் அமைந்த திட்டமோ தடுக்கும்.

காற்று ஒரு சன்னல் வழியே வந்து எதிர்ச் சன்னல் வழியே போகிறதா? ஒரே சுவரில் இரண்டு சன்னல் இருந்து பயன் குறைவு.

மழைநீர் எங்கே போகிறது? ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் பெய்தால் நம் 93 சதுர மீட்டர் கூரையில் 93,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 74,400 லிட்டர் தேறும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில், நான்கு பேர் குடும்பத்துக்கு இது நான்கரை மாதத் தண்ணீர்!

இந்தக் கேள்விகளில் எதற்கும் பெரிய படிப்பு வேண்டாம். உங்கள் பாடப் புத்தகமே போதும்.

செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வகத்திலிருந்து இரண்டு வெப்பமானிகளைக் கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது. அதன் அளவு 35-லிருந்து 42 டிகிரிக்குள் அடங்கிவிடும். ஒன்றை மேற்கூரைக்குச் சற்றுக் கீழே நூலில் தொங்கவிடுங்கள். ஏணியில் ஏறும் வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள். மற்றொன்றைக் கட்டில் உயரத்தில் வையுங்கள். காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை இரண்டு மணிக்கு ஒரு முறை குறித்து, வரைபடத் தாளில் வரையுங்கள். உச்சம் எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள்.

பிறகு ஒரே அளவுள்ள இரண்டு தட்டோடுகளை எடுத்து, ஒன்றில் சுண்ணாம்பு பூசி உலரவிட்டு, இரண்டையும் மொட்டை மாடியில் நண்பகலில் வையுங்கள். அரை மணி கழித்து இரண்டின் அடியிலும் வெப்பமானியின் குமிழைச் செருகிப் பாருங்கள். நான் சொன்னதை நம்ப வேண்டாம். வெப்பமானி சொல்வதை நம்புங்கள்.

அந்த வரைபடம்தான் வெயில் உங்கள் வீட்டுச் சுவரில் போட மறந்த கோடு. அதை நீங்கள் போட்டுவிட்டால் வீட்டிலுள்ள பெரியவர்கள் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் அதை வரைந்தவள் என் தம்பி மகள். விடுமுறைக்கு வந்தவள் என் தாயாரின் அறையில் மூன்று நாள் வெப்பநிலை குறித்து, தாளை என் மேசைமேல் வைத்துவிட்டாள். உச்சம் மாலை ஆறு மணிக்கு. அடுத்த வாரமே மேஸ்திரியைக் கூப்பிட்டுத் தளத்தைச் சுத்தம் செய்து, ஜல்லிக் கலவை போட்டுத் தட்டோடு பதித்து, மேலே வெள்ளை பூசினோம். அந்த மே மாதத்தில் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு என் தாயார் தாழ்வாரத்துக் கட்டிலைத் தாமே உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"இதை வீடு கட்டும்போதே செய்திருக்கலாமேடா. நீ இதைத்தானே காலேஜில் பாடம் நடத்துகிறாய்?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது. என் தம்பி இன்னும் அந்தச் சென்னை வீட்டை வாங்கவில்லை. பொறியாளரின் பதிலுக்காகக் காத்திருக்கிறான்.